அச்சுதன் கட்டாத வீடு

“யாரு வூடு கட்றாங்க, சார்?”

தலையிலிருந்த மீன் கூடையை இறக்காமலே ஆதியம்மாள் கேட்டாள். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், கடலைப் பார்த்து, ஒரு நிலைவாசல் தனியாக நின்றுகொண்டிருந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை, கதவும் இல்லை. அதன் காலடியில் சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது.

“யாரும் வீடு கட்டலை. இது கலைப்பொருள்,” என்றார் அச்சுதன்.

“இன்னா பொருளு?”

“கலைப்பொருள். இங்கே முன்னாடி சத்திரம் இருந்ததில்லையா? ரோடு அகலப்படுத்தறப்போ இடிச்சாங்களே. அதோட ஞாபகமா, அதோட வாசக்காலை மட்டும் திரும்ப நிறுத்தியிருக்கோம்.”

ஆதியம்மாள் நிலையை மேலும் கீழும் பார்த்தாள். “சத்திரத்து வாசக்காவா? புதுசாட்டம் கீது.”

“தச்சர் இழைச்சு சுத்தம் பண்ணியிருக்கார்.”

“என்னக்கூட இழைச்சா புதுசா ஆயிடுவேனா, சார்?”

அச்சுதன் ஈரச் சிமெண்டில் கால் படாமல் ஒரு அடி தள்ளி நின்றார்.

விவரத்தை முறையாகச் சொல்லிவிடுவது நல்லது. வருஷம் 2002. மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவே இருக்கிற ஒரு சின்னப் பேரூராட்சி. பெயரைச் சொன்னால் அங்கே இன்னும் வேலை பார்க்கிறவர்களுக்குச் சங்கடம், வேண்டாம். அச்சுதன் அந்த அலுவலகத்தில் தலைமை எழுத்தர். கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தியபோது ஊரின் பழைய சத்திரம் போயிற்று. இருந்த காலத்தில் அதற்குள் ஆடுகள்தான் தங்கின. போன பிறகு எல்லோரும் அதைப் பற்றி நல்லவிதமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் சென்னையிலிருந்து மேக்னா என்ற சிற்பி வந்தாள். இடிபாட்டுக் குவியலில் கிடந்த நிலைவாசலை அடையாளம் கண்டு, அதைச் சத்திரம் இருந்த அதே இடத்தில் தனியாக நிறுத்தப் போவதாகச் சொன்னாள். “ஜனங்க இல்லாத கட்டடத்துக்குள்ள நுழைஞ்சு வெளியே வரணும், சார். அப்பத்தான் என்ன இழந்தோம்னு தெரியும்.” ஈஓ என்று எல்லோரும் கூப்பிடும் செயல் அலுவலர் வாசுதேவனுக்கு அது புரியவில்லை. ஆனால் மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி திறப்பு விழாவுக்கு வருகிறார் என்பது புரிந்தது. உடனே கோப்பு திறக்கப்பட்டு அச்சுதன் மேஜைக்கு வந்தது.

மேக்னா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “எதையும் சேர்க்காதீங்க. எதையும் எழுதாதீங்க. அது அப்படியே நிக்கட்டும்.” சொல்லிவிட்டு பரோடாவில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறப்பு விழாவுக்கு நேராக வருவதாக ஏற்பாடு.

நிற்க. அச்சுதனுக்கும் அதே வெள்ளிக்கிழமை காலையில் ஒரு நிலை இருந்தது.

ஊரப்பாக்கத்தில் அவர் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தார். வத்சலா கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே ஒரு வாடகை வீட்டில் இருந்தாள், அச்சுதன் வேலை நாட்களில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் தங்கினார். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் நின்றுதான் அவரைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் வாசலில் கோலம் பெரிதாக இருக்கிறது என்று கோபித்துக்கொண்டார், இன்னொருவர் சின்னதாக இருக்கிறது என்று. ஆகவே தம் வீட்டு நிலையைத் தம் கையாலேயே பூஜை செய்து, அதன் அடியில் தம் கையாலேயே பொன்னும் நவரத்தினமும் வைக்க வேண்டும் என்பது அச்சுதனின் ஆசை. வீட்டில் மற்றதெல்லாம் மேஸ்திரி இஷ்டம், மனைவி வத்சலா இஷ்டம். இது ஒன்று மட்டும் அவருடையது. வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார்.

“தர்றேன்,” என்றிருந்தார் வாசுதேவன். “கடற்கரையில அந்த நிலை பிரச்சினை இல்லாம நின்னா நீங்க ஊரப்பாக்கம் போகலாம். பிரச்சினை வந்தா நீங்கதான் அங்க நிக்கணும்.”

அந்தச் சத்திரத்து நிலையின் கால் உளுத்திருந்ததால், செங்கல்பட்டில் சீனு தச்சரின் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்திருந்தார்கள். அச்சுதன் வீட்டு நிலையைச் செய்ததும் அதே சீனுதான். அலுவலகம் லாரி பிடித்தது. அச்சுதன் யோசித்தார். ஒரே பட்டறை, ஒரே லாரி, கொஞ்சம் சுற்றுவழிதான். சீனு யாரோ உறவினர் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போயிருந்ததால் லாரி டிரைவர் சின்னையனையே பட்டறை போனில் பிடித்துச் சொல்லிவிட்டார். “ரெண்டுல உசத்தியானது ஊரப்பாக்கத்துல என் வீட்டுக்கு. மத்தது இங்கே கடற்கரைக்கு. மாத்திடாதே.”

“புரிஞ்சிது சார்,” என்றான் சின்னையன். திங்கட்கிழமை வந்து நிலையை இறக்கிவிட்டுப் போகும்போது ஒரு கண்ணையும் சிமிட்டினான். அலுவலகச் செலவில் பிடித்த லாரியில் சொந்தச் சாமான் போன விஷயம் வெளியே வராது என்று அதற்கு அர்த்தம். அச்சுதன் அவனுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது ஆதியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

“பூஜ போட்டீங்களா?”

“எதுக்கு?”

“பூஜ போடாத வாசக்காவ நட்டுட்டு எதுக்குன்றியே. கட்டுமரம் போற வழி சார் இது.”

“அம்மா, இது வீடு இல்லை.”

“அத்தான் நானும் சொல்றேன். வூடும் இல்ல, பூஜையும் இல்ல, தொறந்து கெடக்குது. எது வேணா உள்ள பூந்துடும்.”

மறுநாள் குப்பத்துப் படகுகள் வலையை உதறியபோது சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் விழவில்லை. பத்து மணிக்கு மாயவன் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். மாயவன் குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர். சாதாரணமாகவே சத்தமாகப் பேசுகிறவர். அன்றைக்கு அவருக்குப் பின்னால் ஆட்களும் இருந்தார்கள்.

“இன்னா அண்ணாத்த, வூடு கட்டாம வாசக்கா மட்டும் நட்டு வெச்சிகீறீங்க? மீனெல்லாம் அத்த பாத்துட்டு அப்டியே திரும்பிப் போவுது.”

“மீன் எப்படிங்க அதைப் பார்க்கும்?” என்றார் அச்சுதன்.

“கடலப் பாத்துதான வெச்சிகீறீங்க?”

இதற்கு அலுவலக விதிகளில் பதில் இல்லை. வாசுதேவன் தம் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “அச்சுதன், வெள்ளிக்கிழமை லீவ் வேணுமில்ல? ஒரு பூஜையைப் போட்டு முடிங்க. கணக்கில எழுத வேண்டாம்.”

அச்சுதன் பெருமாள் கோயில் பட்டரை அழைத்து வந்தார். பட்டர் மணையைப் போட்டு உட்கார்ந்து, சொம்பில் மாவிலை வைத்து, நிமிர்ந்து பார்த்தார்.

“யார் பேர்ல சங்கல்பம்?”

“கலைக்கு.”

“கலைக்கு என்ன கோத்திரம்?”

“சுவாமி, இது இடிஞ்ச கட்டடத்தோட ஞாபகார்த்தம்.”

“இடிஞ்சதுக்கு நிலை பூஜை கிடையாது. இருக்கறவா யாராவது கர்த்தாவா உக்காரணும்.”

“சார் பேருக்கே போடு சாமி,” என்றார் மாயவன். “அவர்தான நட்டாரு.”

அச்சுதன் வேஷ்டியைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் உரக்கச் சொல்லப்பட்டன. மனைவி பெயரையும் பட்டர் விடவில்லை. நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினார்கள். கடைசியில் பட்டர் கையை நீட்டினார்.

“பொன்.”

“என்னது?”

“நிலைக்கு அடியில வைக்கப் பொன்னும் நவரத்தினமும் வேணும். கொண்டுவரலையா?”

குப்பம் முழுவதும் அச்சுதனைப் பார்த்தது. அவர் சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. தம் வீட்டு நிலைக்காக ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் வாங்கியது. தொலைந்துவிடுமோ என்று பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அதைப் பிரித்தார். உளியால் சிமெண்டைக் கொஞ்சம் கொத்தி, குழியில் தம் கையாலேயே பொன்னை வைத்தார். ஒத்திகை என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை வலை கிழியக் கிழிய மத்தி விழுந்தது.

அதோடு மீன் பிரச்சினை தீர்ந்தது. வீட்டுப் பிரச்சினை ஆரம்பமாயிற்று.

காலையில் அச்சுதன் நாற்காலியில் உட்காருவதற்குள் ஒரு சிமெண்ட் கடைக்காரர் விலைப்பட்டியலோடு வந்தார். அடுத்து ஒரு மேஸ்திரி வந்தார். “அஸ்திவாரம் தோண்டாம நிலையை நட்டுட்டீங்களே சார், யாரு உங்களுக்கு யோசனை சொன்னது?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். மூன்றாவதாகப் புதுப்பட்டினத்திலிருந்து ஹரிசங்கர் என்ற இளைஞர் வந்தார். கல்பாக்கத்தில் வேலை கிடைத்து வீடு தேடிக்கொண்டிருந்தார். புதிதாகக் கல்யாணமானவர்.

“மாடி எடுப்பீங்களா சார்? ஒரு போர்ஷன் கிடைச்சா போதும்.”

“தம்பி, அது வீடு இல்லை.”

“அப்படித்தான் சொல்வீங்கன்னு சொன்னாங்க. முன்னாடியே சொல்லி வெச்சுட்டுப் போகலாம்னுதான் வந்தேன். காத்து வருமா சார்?”

“வரும். நாலு பக்கமும் வரும்.”

“ரொம்ப நல்லதா போச்சு,” என்றார் ஹரிசங்கர்.

மத்தியானம் வத்சலா போன் செய்தாள். பக்கத்து வீட்டு போன் என்பதால் அவசரமாகப் பேசினாள்.

“ஏன்னா, நிலை வந்ததிலேர்ந்து ஆள் மாத்தி ஆள் வந்து பார்த்துண்டே இருக்கா. கோயில் வாசலாட்டம் இருக்குங்கறா. பக்கத்தாத்து மாமி தொட்டுத் தொட்டுப் பார்க்கறா. இந்தச் சீனுவுக்கு இவ்வளவு வேலை தெரியும்னு நான் நெனக்கவே இல்லை.”

“நான் பக்கத்துல நின்னு சொல்லிச் சொல்லிச் செய்ய வெச்சேன்,” என்றார் அச்சுதன். ஒரு தடவை அளவு கொடுத்துவிட்டு வந்ததோடு சரி.

“ஒரு சாண் உசரம் ஜாஸ்தியாம். மேஸ்திரி முனகிண்டே இருக்கார்.”

“முனகட்டும். குனியாம உள்ள போகலாம்.”

“வெள்ளிக்கிழமை வந்துடுவேள் இல்லையா? நாள் தள்ள முடியாது, சொல்லிட்டேன். நீங்க வரலைன்னா என் தம்பியை உக்காத்தி வெச்சுடுவேன்.”

தம்பி என்பது வெங்கடராகவன். அவன் அச்சுதன் செய்ய வேண்டிய எதையும் அச்சுதனைவிட முன்னால் செய்து முடிக்கிறவன்.

சாயங்காலம் வாசுதேவன் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு மொட்டைக் கடுதாசி.

“அச்சுதன், நீங்க கார் நிறுத்துமிடத்துல சொந்த வீடு கட்டறீங்களாமே.”

“சார், நீங்களே இப்படிக் கேட்டா?”

“நான் கேட்கலை. ஊர் கேட்குது. உங்க பேர், கோத்திரம், நட்சத்திரம் வரைக்கும் எழுதியிருக்கான். சம்சாரம் பேர் வத்சலாவா?”

“ஆமாம் சார்.”

“அதுவும் சரியா இருக்கு. தாலுகா ஆபீசுக்கும் ஒண்ணு போயிருக்காம். விழா முடியற வரைக்கும் இது பேரூராட்சிச் சொத்துன்னு பளிச்சுன்னு தெரியணும். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க.”

எதையும் சேர்க்காதீங்க, எதையும் எழுதாதீங்க என்று மேக்னா சொன்னது அச்சுதனுக்கு நினைவு வந்தது. ஊரப்பாக்கமும் நினைவு வந்தது. ஊரப்பாக்கம்தான் ஜெயித்தது.

வியாழக்கிழமை குப்பைத் தொட்டிகளுக்காக வாங்கிய பச்சைப் பெயிண்ட் மிச்சமிருந்தது. அதை எடுத்துப் போய், மஞ்சள் மேலேயே இரண்டு கோட்டு அடித்தார்கள். பக்கத்தில் ஒரு போர்டு வைத்தார்கள்: ‘பேரூராட்சிக்குச் சொந்தமானது. இது யாருடைய வீடும் அல்ல.’

டீக்கடை பெஞ்சில் அதைப் பற்றிக் கருத்து உடனே உருவாயிற்று.

“பெயிண்ட்டு வரிக்கும் வந்துட்டாரு பாத்தியா.”

“போர்டப் பாரு மச்சான். யார் வூடும் இல்லியாம். நம்ம யாராச்சும் இந்த மாரி ஒரு போர்டு மாட்டிகினு கட்ட முடியுமா? படிச்சவன் படிச்சவன்தான்.”

ஆதியம்மாள் வேறு மாதிரி யோசித்தாள். யாருடைய வீடும் அல்ல என்றால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். நிலையின் குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டி, படிமேல் கூடையை வைத்து, வஞ்சிரம் விற்க ஆரம்பித்தாள். அச்சுதன் ஓடி வந்தார்.

“ஆதியம்மா, இங்கே கடை போடக் கூடாது.”

“கடையா? வூட்டு வாசல்ல குந்திகினு விக்கிறேன் சார். வாசல்ல வித்தா கட கெடயாதே.”

“யார் வீட்டு வாசல்?”

“அத்த நீயே சொல்லு. உன் வூடுன்னு சொல்லு, இந்த நிமிசமே ஏந்துக்கிறேன்.”

அச்சுதன் வாயைத் திறந்தார். ஹரிசங்கர் கொஞ்ச தூரத்தில் மனைவியோடு நின்று, கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். சமையலறை எங்கே வரும் என்று காட்டுகிற மாதிரி இருந்தது. அச்சுதன் வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு வேஷ்டி, புதிதாக வாங்கிய பொட்டலம், வெற்றிலை பாக்கு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றார் அச்சுதன். பஸ்ஸும் தூரத்தில் தெரிந்தது. அதற்கு முன்னால் மஞ்சளாக ஒரு பொக்லைன் வண்டி வந்தது. பின்னால் ஜீப். ஜீப்புக்குப் பின்னால் சைக்கிளில் அலுவலகப் பியூன்.

“சார், ஈஓ உங்களை ஓடச் சொன்னார்.”

“எங்கே?”

“வண்டிக்கு முன்னாடி.”

அச்சுதன் ஓடினார். பொக்லைன் கையைத் தூக்கியபோது நிலைக்குள் நின்று இரண்டு சட்டங்களையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டார். ஆதியம்மாள் கூடையோடு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தாள்.

ஜீப்பிலிருந்து வருவாய் ஆய்வாளர் இறங்கினார். சலிப்பானவர், நிழலே இல்லாத இடத்துக்கு வந்துவிட்ட கோபமும் இருந்தது.

“பொறம்போக்குல வீடு கட்டறதா புகார்.”

“இது வீடே இல்லைங்க.”

“வீடு இல்லைன்னா பூஜை எதுக்கு?”

“மீனுக்காக.”

“பெயிண்ட் எதுக்கு?”

“புகாருக்காக.”

“போர்டு?”

“உங்களுக்காக.”

“இப்ப நீங்க ஏன் உள்ள நின்னுக்கிட்டு இருக்கீங்க?”

“வெளியே வந்தா இடிச்சுடுவீங்களே.”

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அச்சுதனும் பார்த்தார். ஒன்பது தாண்டியிருந்தது. ஊரப்பாக்கத்தில் ஓமக் குண்டத்தில் புகை கிளம்பியிருக்கும். வத்சலா தெருமுனையைப் பார்த்துப் பார்த்து அலுத்திருப்பாள். வெங்கடராகவன் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு தயாராக நிற்பான். அவன் எப்போதும் தயாராக இருப்பவன்.

“சார், எனக்கு இன்னிக்கு வீட்ல முகூர்த்தம்,” என்றார் அச்சுதன். “என்னை விட்டுடுங்க. சாயங்காலம் பெரிய அதிகாரி வர்றார். இந்த நாலு கட்டை சாயங்காலம் வரைக்கும் நிக்கட்டும்.”

“அதாவது, வீட்ல முகூர்த்தம். வீடு இது இல்லை.”

“இல்லை.”

“குறிச்சுக்கோய்யா,” என்றார் ஆய்வாளர் தம் உதவியாளரிடம். “முகூர்த்தம்னு ஒத்துக்கிட்டார்.”

அப்போது குப்பத்திலிருந்து மாயவன் வந்தார். பின்னால் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். மூன்று நாளாக நல்ல மீன். படகுக்குப் போகிறவர்கள் நிலைக்குள் நுழைந்துதான் போனார்கள். வெள்ளிக்கிழமையாதலால் கற்பூரம் ஏற்பாடாகியிருந்தது.

“யாரு சார் இத்த இடிக்கிறது?” என்றார் மாயவன். இந்தத் தடவை அவர் சத்தமாகப் பேசவில்லை. அதுதான் ஆய்வாளரைப் பயமுறுத்தியது.

ஆய்வாளர் மஞ்சள் சொட்டிய படியையும், கற்பூரக் கறையையும், தேங்காய் ஓடுகளையும் முதல் முறையாகக் கவனித்தார்.

“இது சாமி விஷயமா?”

“பின்ன இன்னா?”

“அப்ப இது எங்க டிபார்ட்மெண்ட் இல்லை,” என்றார் ஆய்வாளர். முகத்தில் பெரிய நிம்மதி. “வேற இடத்துல எழுதிக் கேட்கணும். வண்டியைத் திருப்புய்யா.”

பொக்லைன் போன பிறகும் அச்சுதன் சட்டங்களை விடவில்லை. விரல்களில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. ஆதியம்மாள் ஒரு ஆரத்தித் தட்டை வாங்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

“நீ இல்லன்னா இந்நேரம் வாசலு இடிஞ்சி பூட்டிருக்கும் சார். வெளிய போய் நின்னுட்டு வலது கால எட்து வெச்சி உள்ள வா.”

“உள்ள என்னம்மா இருக்கு?”

“வாயேன். வந்து பாரு.”

மறுத்துச் சொல்லத் தெம்பில்லை. அச்சுதன் வெளியே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். உள்ளே அதே மணல்தான், அதே கார் நிறுத்துமிடம்தான். பெண்கள் குலவையிட்டார்கள். ஆதியம்மாள் ஆரத்தி சுற்றி நெற்றியில் பொட்டு வைத்தாள். ஊரப்பாக்கத்தில் இந்தப் பொட்டு இந்நேரம் வெங்கடராகவன் நெற்றியில் இருக்கும் என்று அச்சுதன் நினைத்துக்கொண்டார். கற்பூரப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் விழா நன்றாகவே நடந்தது.

மேக்னா காரிலிருந்து இறங்கி, பத்தடி நடந்து, நின்றுவிட்டாள். பச்சை நிறத்தில், இருபுறமும் வாழைமரம் கட்டி, ஆளுயர மாலையோடு நின்றது அவளுடைய படைப்பு. அடியில் ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருந்தது.

“இது... இதுல தாமரைப்பூ செதுக்கியிருக்குமே,” என்றாள் கடைசியில்.

“உள்ளேதான் மேடம் இருக்கு,” என்றார் வாசுதேவன். “நம்ம ஆளுங்க ரெண்டு கோட்டு அடிச்சுட்டாங்க.”

மேக்னா அச்சுதனைப் பார்த்தாள். அச்சுதன் கடலைப் பார்த்தார். அதற்குள் பெரிய அதிகாரி வந்துவிட்டார். நிலைக்குள் நுழைந்து வெளியே வந்தார். திரும்பவும் நுழைந்தார். பிறகு ஒலிபெருக்கியில், தாம் பார்த்த நினைவுச் சின்னங்களிலேயே ஜனங்கள் உண்மையாகப் பயன்படுத்துவது இது ஒன்றுதான் என்றார். கைதட்டல் எழுந்தது. மேக்னா மெதுவாக மூச்சு விட்டாள். பேச அழைத்தபோது, “இழந்ததைக் காட்டத்தான் நான் இதை வெச்சேன். இவங்க இதுல குடியே வந்துட்டாங்க,” என்று மட்டும் சொன்னாள். ஹரிசங்கர் கூட்டத்தில் திடுக்கிட்டு, “யாருக்குக் குடுத்தாங்க?” என்று பக்கத்தில் விசாரித்தார்.

எல்லோரும் போன பிறகு அச்சுதன் அலுவலகத்துக்குப் போய் ஊரப்பாக்கத்துக்கு போன் போட்டார்.

“எல்லாம் நன்னா நடந்தது,” என்றாள் வத்சலா. கோபம் இருந்தது, ஆனால் பெருமை அதை மிஞ்சியிருந்தது. “தம்பிதான் உக்காந்தான். வந்தவா அத்தனை பேரும் நிலையைத்தான் பார்த்தா. இப்படி மரம் இப்பல்லாம் எங்கே கிடைக்கறதுன்னு வாத்தியாரே கேட்டார். சிமெண்ட் போட்டு நிறுத்தியாச்சு. இனிமே அதை யாராலும் அசைக்க முடியாது. நீங்க இல்லாததுதான் குறை.”

அச்சுதன் மறுபடி கடற்கரைக்கு வந்தபோது சின்னையன் வாடகை நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அச்சுதன் நிலையின் படியில் உட்கார்ந்தார். உட்கார வசதியாகத்தான் இருந்தது. கடற்காற்று நாலு பக்கமும் வந்தது.

“இன்னா சார், ஃபங்ஷனு ஜோரா முடிஞ்சிது, நீ மட்டும் டல்லா குந்திகினு கீற?”

“ஒண்ணுமில்லை சின்னையா. ஊரான் நிலைக்கு நான் உக்காந்து பூஜை பண்ணேன். பொன்னு வெச்சேன். வலது காலை வெச்சு உள்ளகூட வந்தேன். என் வீட்டு நிலைக்கு மட்டும் நான் இல்லாம போயிட்டேன்.”

சின்னையன் சுற்றுமுற்றும் பார்த்தான். நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, திங்கட்கிழமை சிமிட்டிய அதே கண்ணைச் சிமிட்டினான்.

“என்னாண்டயே நடிக்கிறியே சார், ரெண்டுல உசத்தியானதுன்னு நீ சொன்னாமேரியே சத்திரத்து பர்மா தேக்க உன் வூட்ல எறக்கிட்டு, சீனு உனக்குன்னு செஞ்ச நிலைய இங்க போட்டேனே, அத்த நான் இதுவரிக்கும் ஒரு ஆளாண்டகூட மூச்சு வுடல.”